பார்க்குல வச்சு மாட்டுங்க

கல்யாண மண்டபத்தில் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் ஜெஸ்டினைப் பிடிக்க முடியாது. மாப்பிள்ளையின் தாய்மாமனை ஒரு வாரு, பந்தி பரிமாறுகிறவரை ஒரு வாரு என்று கூட்டத்தைக் குலுங்க வைத்துவிடுவான். புதுச்சேரி வட்டாரத்தில் நடக்கிற கத்தோலிக்கக் கல்யாண வரவேற்புகளில் முக்கால்வாசிக்கு அவன்தான் தொகுப்பாளர். மைக் கையில் இல்லாதபோதுதான் கோளாறு. கட்டின பெண்டாட்டியிடம் 'தப்பு பண்ணிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழாது. அந்த ஒரு வார்த்தை வராததால்தான் ரூபி இப்போது முத்தியால்பேட்டையில் அப்பா வீட்டில் இருக்கிறாள். இவன் அரியாங்குப்பத்தில் தனியாக உப்புமா கிண்டி, கட்டி கட்டியாக விழுங்கிக்கொண்டிருக்கிறான்.

நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே கோபம் வரும். காரில் வைப்பர் மோட்டார் முனகுகிறது, மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள் என்று ரூபி தலைதலையாக அடித்துக்கொண்டாள். அவள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இல்லை. அவள் அப்பா பிரான்சுவாவுக்குக் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பது ரூபிதான். ஜெஸ்டின் கேட்டானா? "ஆவட்டும், பாத்துக்கலாம்" என்றான்.

பார்த்துக்கொள்ளும் நாள் ரூபியின் சித்தி மகள் கல்யாணத்தன்றே வந்தது. ஆற்றுப் பாலத்தின் மேல், கொட்டோ கொட்டென்று கொட்டுகிற மழையில் வைப்பர் படுத்துவிட்டது. ஜெஸ்டின் டிக்கியில் கிடந்த கயிற்றை எடுத்தான். இரண்டு வைப்பரிலும் கட்டினான். ஒரு முனை அவன் கையில், மறுமுனை ரூபி கையில். இவன் இந்தப் பக்கம் இழுக்க, அவள் அந்தப் பக்கம் இழுக்க, திறந்த சன்னல் வழியாகத் தண்ணீர் அடிக்க அடிக்க மண்டபம் போய்ச் சேர்ந்தார்கள். பட்டுப்புடவை, தலையில் வைத்த பூ, கண் மை எல்லாம் போச்சு.

அதோடு விட்டானா மகராசன்? மைக்கைப் பிடித்ததும் முதல் வேலையாக, "நம்ம காருக்கு வைப்பர் மோட்டாரே தேவையில்லங்க! ரூபின்னு ஒரு மாடல் வச்சிருக்கேன். கரண்ட் கேக்காது, சோறு போட்டா போதும், ஓடும்!" என்றான். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. ஈரப் புடவையோடு வாசலில் நின்ற ரூபி அப்படியே திரும்பி அப்பா வீட்டுக்குப் போனவள்தான்.

அவள் இல்லாத வீட்டில் ஜெஸ்டினுக்குப் பேச ஆள் இல்லை. அவன் நகைச்சுவைக்கு ஃப்ரிட்ஜா சிரிக்கும்? அவள் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. அதற்கு அவன் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். மோட்டாரைத் தன் கையாலேயே மாற்றிவிட்டால் அவள் மனம் குளிர்ந்துவிடுமாம்! பல்வலிக்கு மூக்குக்கண்ணாடி மாற்றின கதைதான். ஆனாலும் இறங்கிவிட்டான்.

முதலில் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தான், நன்றாக இருந்தது. கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கருப்பு மூடியைக் கழற்றினான். மோட்டாருக்குப் போகிற வயர் முனையில் டெஸ்ட் பல்பை வைத்து சுவிட்சைப் போட்டான். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஆக, கரண்ட் வருகிறது. வயரை மறுபடி செருகி, மோட்டாரை ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினான். அது 'ம்ம்ம்' என்று முனகி, அரை இழுப்பு இழுத்து, சூடாகி, நின்றது. மோட்டாரேதான் போச்சு. ரூபி சொன்னது வரிக்கு வரி சரி. தெரிந்துகொள்ள இத்தனை திருகாணி கழற்ற வேண்டியிருந்தது.

புது மோட்டார் எங்கே வாங்குவது? ஊரில் வேறு கடையே இல்லையா என்றால் நிறைய இருக்கிறது. ஆனால் அவளைப் பார்க்க வேறு சாக்கு இல்லையே. ஆட்டோ பிடித்து, பழைய மோட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போனான்.

கல்லாவில் ரூபி நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லுங்க சார். என்னா வேணும்?"

கட்டின புருஷன் சாராம்! மாமனார் பிரான்சுவா பாவம், இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சங்கடம் வந்தால் பிரெஞ்சில் ஒதுங்கிக்கொள்வது அவர் வழக்கம். "பர்தோன், மாப்ள, மன்னிச்சுக்குங்க" என்று முணுமுணுத்துவிட்டுக் குடோனுக்குள் நுழைந்தவர் வெளியே வரவே இல்லை.

"வைப்பர் மோட்டார்" என்றான் ஜெஸ்டின்.

"ஏன் சார், உங்ககிட்ட சோறு போட்டா ஓடுற மாடல் இருந்துச்சே?"

பக்கத்தில் நின்ற மெக்கானிக் ஒருவர் சிரித்தார். ஜெஸ்டினுக்கு முகம் சுண்டிப்போனது. நூறு பேர் நடுவில் வாய் ஓயாமல் பேசுகிறவன், டப்பாவை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் வெளியேறினான்.

வீட்டுக்கு வந்து மோட்டாரை உட்கார வைத்து போல்ட்டுகளை முடுக்கினான். அதுவரைக்கும் சரி. மோட்டாரையும் வைப்பரையும் இணைக்கிற சின்ன இரும்புக் கையை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது? மேலே வைத்தாலும் பொருந்துகிறது, கீழே வைத்தாலும் பொருந்துகிறது. வேறு வழியின்றி ரூபிக்குப் போன் போட்டான். கடையில் ஒரே இரைச்சல்.

"அந்தக் கைய எப்படி மாட்டுறது ரூபி?"

"மொதல்ல பார்க்குல வச்சுட்டு அப்புறம் மாட்டுங்க!" என்றாள். வாடிக்கையாளர் யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டாள்.

பார்க்கா?

புதுச்சேரிக்காரனுக்குப் பார்க் என்றால் ஒன்றே ஒன்றுதான், கவர்னர் மாளிகைக்கு எதிரில் இருப்பது. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் வீட்டுக்குத் தெரியாமல் சந்தித்ததும் அங்கேதான். ஜெஸ்டின் யோசித்தான். அவள் இந்த வீட்டுக்கு வரமாட்டாள், ரோஷக்காரி. கடையில் அப்பா இருக்கிறார். அப்படியென்றால் வண்டியோடு பார்க்குக்கு வா, அங்கே வைத்து மாட்டலாம் என்கிறாள்! ஆசைப்பட்டவன் காதுக்கு ஊளையும் பாட்டாகத்தான் கேட்கும். குளித்தான், இஸ்திரி போட்ட சட்டை மாட்டினான், வழியில் மல்லிகைப்பூவும் முட்டை பப்ஸும் வாங்கினான். மூட்டமாக இருந்த வானத்தை அண்ணாந்து பார்த்து, கொஞ்சம் பொறுத்துக்கோ சாமி என்று கும்பிட்டுவிட்டு, பாதி பூட்டின வைப்பரோடு காரை ஓட்டிக்கொண்டு போனான்.

பார்க் ஓரமாக வண்டியை நிறுத்திக் காத்திருந்தான், காத்திருந்தான், மழைதான் வந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. பப்ஸ் ஆறிப்போனது. கடைசியில் போன் செய்தான்.

"வந்துட்டேன் ரூபி. நீ எங்க இருக்க?"

"எங்க வந்துட்டீங்க?"

"பார்க்குல. நீதான வரச் சொன்ன?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள்! மூச்சு வாங்க, மேசையைத் தட்டித் தட்டி, "ஐயோ மாதாவே!" என்று அவள் சிரித்த சிரிப்பில் குடோனிலிருந்து மாமனாரே ஓடிவந்து "என்னாம்மா, என்னாம்மா?" என்று கேட்டது போனில் கேட்டது. ஜெஸ்டினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் சிரித்துவிட்டாள், அதுவே போதும் என்று இருந்தது.

மழை சற்று விட்டபோது ஆட்டோவில் வந்து இறங்கினாள் ரூபி. கையில் குடை, இன்னொரு கையில் ஸ்பானர். பூவைப் பார்த்தாள், பப்ஸைப் பார்த்தாள். பானட்டைத் திறக்கச் சொன்னாள்.

"சுவிட்ச போடுங்க. இப்ப நிறுத்துங்க."

நிறுத்தியும் மோட்டார் உடனே நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றி, ஓரிடத்தில் போய் டக்கென்று நின்றது.

"பாத்தீங்களா? சுவிட்ச எப்ப நிறுத்தினாலும் இது நடுவழில நிக்காது, தன் எடத்துக்குப் போயித்தான் நிக்கும். அந்த எடத்துக்குப் பேருதான் பார்க். வைப்பர் கீழ படுத்திருக்கறப்ப கை எப்படி இருக்கணுமோ அப்படி வச்சு மாட்டணும். பார்க்குல வையின்னா பூவும் பப்ஸுமா கெளம்பி வர்றதா?"

நட்டை அவளே முடுக்கினாள். அவன் குடை பிடித்தான். வைப்பர் சரக் சரக்கென்று ஓடி, கீழே வந்து அடக்கமாகப் படுத்தது. மறுபடி மழை வலுக்க, இருவரும் காருக்குள் ஏறிக்கொண்டார்கள்.

"மோட்டார் போவுதுன்னு நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும் ரூபி" என்றான்.

"நான் மோட்டாருக்காகவா வீட்ட விட்டுப் போனேன்?"

கூட்டம் இல்லை, மைக் இல்லை, சிரிக்க வைக்க ஒரு வார்த்தையும் தோன்றவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்" என்றான். "எல்லார் முன்னாடியும் உன்ன வச்சு சிரிப்பு காட்டினேன். நீ வாசல்ல நின்னு அழுதது அப்ப சத்தியமா எனக்குத் தெரியல, இப்பத்தான் ஒறைக்குது. மழத் தண்ணின்னு நெனச்சேன்."

"மண்டபத்துல எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. நீங்களும் அப்படியே நெனச்சா, நான் யாருகிட்டங்க போயி அழுவுறது?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் மல்லிகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

அவள் போன் அடித்தது. மாமனார். "கடைய மூடட்டுமாம்மா?"

"மூடிடுங்கப்பா. நான் வீட்டுக்குப் போறேன்."

வீட்டுக்கா? எந்த வீட்டுக்கு? கேட்க ஜெஸ்டினுக்குத் தைரியம் இல்லை. கேட்டு, அவள் வேறு பதில் சொல்லிவிட்டால்? இருப்பதையும் கெடுத்துக்கொள்வானேன் என்று வண்டியை வடக்கே முத்தியால்பேட்டைப் பக்கம் விட்டான். முடிந்தவரை மெதுவாக ஓட்டினான். ஆட்டோ, சைக்கிள், ஒரு தள்ளுவண்டிகூட அவனை முந்திக்கொண்டு போனது. முத்தியால்பேட்டை மணிக்கூண்டு தெரிய ஆரம்பித்தது. அவ்வளவுதான், இறங்கிவிடுவாள் என்று இன்னும் மெதுவாக்கினான்.

"நிறுத்துங்க வண்டிய" என்றாள்.

நிறுத்தினான்.

"எங்க போறீங்க?"

"நீதான ரூபி வீட்டுக்குன்னு சொன்ன... அதான், உங்கப்பா வீட்டுக்கு."

"அப்பா வீட்டுக்குன்னா அப்பாகிட்ட வீட்டுக்கு வர்றேன்னுதான சொல்லுவேன், போறேன்னா சொல்லுவேன்? எது சொன்னாலும் தப்பாவே புரிஞ்சிக்கறதுன்னு நேர்த்திக்கடனா உங்களுக்கு? திருப்புங்க!"

ஜெஸ்டின் நடுரோட்டிலேயே வண்டியைத் திருப்பினான். பின்னால் வந்த பஸ்காரர் தலையை வெளியே நீட்டி அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். ஒரு வார்த்தைகூட அவன் காதில் விழவில்லை.