தரைதட்டியின் டயர்

தெருவில் அவனுக்கு வைத்த பெயர் தரைதட்டி. நல்ல காரை வாங்கி, அதை ஸ்டைலுக்காக நாலு விரல் தரைப்பக்கமாக இறக்கி, வேகத்தடை வந்தால் கோணலாகத் திருப்பித் திருப்பி ஏறுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பக்கத்தில் சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு தாண்டிப் போவார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கிற மனைவிக்கு மானம் போகும். அவனோ ஊரே தன்னைப் பார்க்கிறது என்று பூரித்துப்போவான். பார்த்தது என்னவோ உண்மைதான்.

அந்தக் கண்றாவியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அண்ணன் விஷயம்.

அவளுடைய அண்ணன் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருந்தார். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று மெஷினில் பார்த்துத் திருத்துகிற வேலை. தரைதட்டி அங்கேதான் காரை விடுவான். சில வாரத்தில் முன் டயர்களின் உள்ஓரம் மொட்டையாகிவிடும். வெளியே பார்த்தால் புதுசு, குனிந்து பார்த்தால் உள்ளே இருக்கிற கம்பி தெரியும். மாப்பிள்ளை முகம் கோணக்கூடாதென்று அண்ணன் புது டயர் போட்டுக்கொடுத்தார், மறுபடியும் பார்த்துக்கொடுத்தார், மறுபடியும் தேய்ந்தது. வாங்கிக்கொண்டவன் சும்மா இருந்தானா? "மச்சான் மெஷினும் போச்சு, கையும் போச்சு" என்று கார் வைத்திருக்கிற நண்பர்கள் அத்தனை பேரிடமும் ஓதினான். கடையில் ஈயாடியது. அண்ணனுக்கே தன்மேல் சந்தேகம் வந்து, வருகிற ஒன்றிரண்டு வண்டிகளையும் இரண்டு தடவை ராம்ப் என்கிற சாய்வு மேடையில் ஏற்றிப் பார்க்க ஆரம்பித்தார்.

அவன் ஒருமுறை கடைக்குப் போய்வந்த அன்று மத்தியானம் அவள் வீட்டு வாசலில் துணி காயப்போட வந்தாள். தரைதட்டி முன்சக்கரத்துக்குள் கையை விட்டு, கொக்கி ஸ்பேனரால் எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க?"

"காரை இறக்குறேன். இப்படி இறக்கியே உங்க அண்ணன் கடை ராம்ப்ல ஏத்தினா பம்பர் உரசும். அதான் போறப்ப ஏத்திக்குவேன், வந்ததும் இறக்கிடுவேன்."

"அதை அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா காரை இறக்காதீங்கன்னு அட்வைஸ் பண்ணுவாரு. அந்த மனுஷன் எனக்கு அட்வைஸ் பண்றதா?"

வெறும் முட்டாள் என்றுதான் நினைத்தாள். அப்போது அவனுடைய போன் அடித்தது. இவனைப் போலவே காரை இறக்கப்போகிற இன்னொரு புண்ணியவான். தரைதட்டி பெரிய வாத்தியார் மாதிரி பாடம் எடுத்தான்: "டேய், முதல்ல இறக்கு, அப்புறம் அலைன்மென்ட் பாரு. பாத்தப்புறம் உயரத்த மாத்தினா சக்கரம் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கும். டயரைத் தின்னுடும். இதுகூடத் தெரியாதா?"

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு, சட்டை பிடிக்கிறது என்று தையல்காரரைத் திட்டுகிற ரகம். அதுவும் தெரிந்தே! பம்பரில் கீறல் விழக்கூடாது, அண்ணன் பெயர் எக்கேடு கெட்டால் என்ன?

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் அவளைத்தான் கண்டித்தார். "மாப்பிள்ளைய அப்படிப் பேசாதம்மா. தெரிஞ்சே யாராவது டயரை நாசம் பண்ணுவாங்களா? என் கைலதான் கோளாறு. மெஷினை வித்துட்டு பஞ்சர் மட்டும் ஒட்டிக்கலாம்னு இருக்கேன்."

டயர் மறுபடி கம்பியானது. நியாயம் கேட்கப்போகிறேன் என்று தரைதட்டி இரண்டு நண்பர்களைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். சண்டைக்குத்தானே போகிறான், அதனால் இறக்கிய காரை இந்தத் தடவை உயர்த்தவில்லை. அவளும் ஏறிக்கொண்டாள். கடையில் காற்றடிக்க வந்த வேன்காரர் ஒருவர்தான் இருந்தார். அவர் ஒருவர் போதாதா? சாலைவரை கேட்கிற மாதிரி கத்தினான்.

"குனிஞ்சு பாருங்க மச்சான்! இதுக்குப் பேரு அலைன்மென்ட்டா? தொழில் தெரியலைன்னா கடையைச் சாத்துங்க!"

அண்ணன் தலை குனிந்தபடி நின்றார்.

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நேராகப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். சாவி அதிலேயே இருந்தது.

"அண்ணா, நகரு. எல்லாருக்கும் முன்னாடி இப்பவே மெஷின்ல பாத்துடலாம்."

"ஏய், ஏத்தாத! ஏத்தாத!"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பம்பர் ராம்ப்பின் நுனியில் முட்டி, கரகரவென்று கிழிந்து, ஒரு பக்கமாகத் தொங்கியது. தரைதட்டி தலையில் அடித்துக்கொண்டான்.

"அறிவிருக்கா உனக்கு? கார் இறக்கி இருக்கு! இந்த உயரத்துல இது ஒருநாளும் ராம்ப்ல ஏறாதுன்னு தெரியாது?"

"தெரியாதே," என்றாள் அவள். "அப்ப இத்தனை தடவை எப்படிங்க ஏறுச்சு? எங்க அண்ணனுக்குச் சொல்லுங்க."

அவன் தொங்குகிற பம்பரைத் தூக்கிப் பிடிக்கப் பார்த்தான். நண்பர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க இருமினான்.

அண்ணன் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். உயரத்தை மாற்ற ஸ்பேனர் திருகிய மரை புதிதாகப் பளபளத்தது. நிமிர்ந்தபோது பேச்சில் மரியாதை குறையவில்லை.

"மாப்பிள்ளை, தொங்கறதைப் பிடுங்கி டிக்கில போட்டுக்கிட்டு வண்டிய எடுங்க. அடுத்த வண்டி ஏறணும்."

அடுத்த வண்டி என்று எதுவும் இல்லை. வேன்காரர் அண்ணனையும் தரைதட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேனில் ஏறி, அதை ராம்ப் பக்கமாகத் திருப்பினார்.