அக்கா பறித்த இலை

அக்கா இலையை ஈரத்துணியில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"பாத்துச் சொல்லுடா. பிள்ளைங்க பின்னறையிலதான் தூங்குதுங்க."

அவள் வீடு ஒரு சரிவின் அடியில். சரிவு மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது மூங்கில் புதர்கள்தான். மேல்பக்கத்து மூங்கில்கள் ஒன்றாகப் பூத்து, ஒன்றாகச் செத்தன. வேர் மக்கியதும், ஒரு மழையில் அங்கே மண் இறங்கி ஒரு கொட்டகையை விழுங்கியது. இப்போது அக்கா வீட்டுப் பின்புறமும் காய்கிறது. அதே இனமென்றால் அதே கதி. வேறு இனமென்றால் வெறும் வாட்டம், துளிர்த்துவிடும். பூத்ததா என்று பார்க்க வழியில்லை. குப்பை என்று மாமா நுனிகளையெல்லாம் வெட்டி எரித்துவிட்டார்.

மிச்சம் இலைதான். நான் ஆய்வுக்கூடத்தில் மூங்கில் இலைகளை மெல்லிசாகச் சீவி, மைக்ரோஸ்கோப்பில் இனம் பார்க்கிறவன். வீட்டில் 'இலை டாக்டர்'. மாமாவுக்கு மட்டும் 'ஆடு'.

செத்த மூங்கிலின் இலை எங்கள் அலமாரியில் இருந்தது. அதில் நரம்புகளின் இருபுறமும் பெரிய வெற்றுச் செல்கள், காலி செய்த வாடகை வீட்டு அறைகள் மாதிரி. அக்காவின் இலையில் எல்லாம் பொடிச் செல்கள், நெருக்கியடித்துக்கொண்டு.

"வேற இனம்க்கா. நிம்மதியாத் தூங்குங்க," என்று போனில் சொன்னேன்.

"ஆடு சொன்னா சரிதான்!" பின்னாலிருந்து மாமாவின் குரல்.

மறுநாள் டிபன் பாக்ஸைக் கழுவப்போனபோது மிச்ச இலை விரலில் வழுக்கியது. பட்டு மாதிரி. முற்றிய மூங்கில் இலை சொரசொரக்கும். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எதுலேர்ந்துக்கா பறிச்ச?"

"எல்லாம் காய்ஞ்சு அசிங்கமா இருந்துச்சு. ஒரே ஒரு துளிர்தான் பளபளன்னு இருந்துச்சு. உன் ஆபீசுக்குப் போறதாச்சே!"

துளிரில் அந்தச் செல்கள் வளர்ந்தே இருக்காது. கைக்குழந்தையின் வாயைத் திறந்து பார்த்து, இந்த வம்சத்துக்கே பல் கிடையாது என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

நான் கேட்ட முற்றிய இலையை மாமாவே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார், சட்டைப்பையில், சீப்போடு.

"மென்னு பாத்துச் சொல்லு மாப்ள. சீக்கிரம். பின்கதவு வேற மூட மாட்டேங்குது. மழைக்கு ஊதிடுச்சு போல."

சீவினேன். லென்ஸைத் திருகினேன். வரிசையாக, காலி அறைகள்.

"மாமா, பின்கதவு இரும்புக் கதவாச்சே?"

"ஆமா."

"இரும்பு ஊதுமா?"

"அப்போ சுவரா நகருது?" மாமா எழுந்துவிட்டார். ஜன்னலில் மழை விழ ஆரம்பித்தது.

"பிள்ளைங்க?"

"ஸ்கூல் லீவு. பின்னறையில..."

அதற்குள் நான் போனை எடுத்திருந்தேன்.

"என்னடா, மறுபடியும் இலையா?"

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு ரோட்டுக்கு வா."

"இருடா, அடுப்புல பால்..."

"அக்கா!"

அவளிடம் நான் கத்தியதே கிடையாது. பால் பொங்கும் சத்தம், பிள்ளைகளின் சிணுங்கல், செருப்பில்லாத கால்கள், அப்புறம் ஒரு வண்டியின் ஹாரன். ரோட்டுக்கு வந்துவிட்டாள். மாமா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சிரைப்புக்குப் பின்னால், மூங்கில்கள் நறநறவென்று பல்லைக் கடித்தன.

"காத்தா அடிக்குது அங்க?" என்றேன்.

"காத்தே இல்லடா," என்றாள் அக்கா.