முழுச் சார்ஜில் இறங்கிய கார்

ஈஸ்வரபாண்டிக்குத் தன் கார் மேல் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கம்பத்தில் பைபாஸ் ஓரம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை அவனுக்கு. திராட்சைத் தோட்டத்துக்காரர்கள் கொண்டுவந்து போடும் எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்கெல்லாம் மறுபடி உயிர் கொடுக்கிறவன். ஒருநாள் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி வந்து, இன்ஜினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கரண்டு மோட்டாரை உட்கார வைத்துவிட்டான். எட்டு மாத வேலை. கார் ஓடியது. ஓடியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடைக்கு வருகிறவர்களையெல்லாம் பிடித்து வைத்து, அது எப்படி ஓடுகிறது என்று விளக்கவும் ஆரம்பித்தான். மோட்டாரைக் கொண்டுவந்தவர்கள் மோட்டாரை அங்கேயே போட்டுவிட்டு, விட்டால் போதும் என்று நழுவியதும் உண்டு.

காரை ஓட்டியது என்னவோ அவன் மனைவி உமாதேவிதான். கம்பம்மெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் அவள் நர்ஸ். காலையில் மலை ஏறுவாள், சாயங்காலம் இறங்குவாள். போனதும் எஸ்டேட் ஆபீஸ் சுவரில் இருக்கும் பிளக்கில் காரைச் சொருகிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

பிரேக் வேலை செய்து கொடுத்தது பக்கத்துப் பிரேக் கடை நவாஸ். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதர்கள். இன்ஜின் உள்ள காரில், இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற உறிஞ்சல்தான் பிரேக் மிதிக்கு வலு கொடுக்கும். இன்ஜின் போனால் அந்த வலுவும் போச்சு. அதற்காகப் பேட்டரியில் ஓடும் பம்பு ஒன்றைத் தனியாக வைக்க வேண்டும். ஈஸ்வரபாண்டி தன்னிடம் கிடந்த ஒரு சின்னப் பம்பை எடுத்து மாட்டச் சொன்னான்.

“பம்பு சிறுசா இருக்கு பாண்டி. நாலு தடவ சேந்தாப்ல மிதிச்சா மிதி கல்லாப் போயிரும். பெருசா ஒண்ணு போடு” என்றான் நவாஸ்.

“பிரேக்க எவன்டா மிதிக்கப் போறான்? ஆக்சிலேட்டர்ல இருந்து காலெடுத்தா மோட்டாரே பிடிச்சு நிறுத்திரும். அந்தக் கரண்டு பேட்டரிக்குப் போயிரும். உனக்கு இதெல்லாம் வெளங்காது.”

நவாஸ் சிரித்துக்கொண்டே சின்னப் பம்பையே மாட்டினான். அவன் சொன்னதும் பொய்யில்லை, இவன் சொன்னதும் பொய்யில்லை. உமாதேவி பிரேக்கை அதிகம் தொடாமலே மூன்று மாதம் மலை இறங்கினாள். ஆனால் அந்த மோட்டார் பிடிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பிடித்த கரண்டைப் போட்டுவைக்கப் பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். நிரம்பிய பேட்டரி வாங்காது. வாங்காவிட்டால் மோட்டார் பிடிக்காது, சும்மா சுற்றும். இது தெரிந்ததால்தான் எண்பது சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி சார்ஜரைப் போன் வழியாகவே கட்டிப் போட்டிருந்தான். ஏன் எண்பது என்று அவன் யாருக்கும் சொல்லவில்லை. கண்டவனிடமெல்லாம் கார் கதை பேசியவன், சொல்ல வேண்டிய இரண்டு பேரிடம் இதை மட்டும் சொல்லாமல் விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டிபட்டியில் ஒரு காதுகுத்து. போக வர வழியில் சார்ஜ் காணாது என்று சனிக்கிழமை அந்த எண்பதை நூறாக மாற்றினான். சொந்தக்காரர்கள் காரைச் சுற்றி நின்று மெச்சியதில் மனசு குளிர்ந்து வீடு திரும்பினான். நூறைத் திரும்ப எண்பதாக மாற்ற மறந்துபோனான்.

திங்கட்கிழமை மதியம் ஒரு பெரிய மோட்டாரில் கையை விட்டிருந்தான். போன் மேஜையில் கிடந்தது. நாலு மணி வாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தபோது உமாதேவியின் அழைப்பு இரண்டு தவறிப்போயிருந்தது. கிளம்பிவிட்டேன் என்று சொல்லக் கூப்பிட்டிருப்பாள். கார் எங்கே வருகிறது என்று பார்க்கப் போனைத் தட்டினான். திரையில் காரைக் காட்டும் ஒரு புள்ளி, பக்கத்தில் சார்ஜைக் காட்டும் ஓர் எண். புள்ளி கம்பம்மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டியிருந்தது. எண் நூறு.

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவளைக் கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே. மலை ரோட்டில் பாதி வழி சிக்னல் கிடையாது என்பது கம்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எஸ்டேட்டுக்குக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. புள்ளி ஒரு வளைவு தள்ளி நகர்ந்து, அங்கேயே நின்றுபோனது. நின்றது காரல்ல, சிக்னல் என்று அவனுக்குத் தெரியும். கார் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

“என்னண்ணே, மொகமே சரியில்ல?”

நவாஸின் மனைவி ரிஸ்வானா. நவாஸ் வெளிவேலைக்குப் போகும் நாளில் அவள்தான் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் இருப்பாள். காலையில் நவாஸ் எங்கோ ஜீப் வேலை என்று பஸ் ஏறிப் போயிருந்தான்.

ஈஸ்வரபாண்டி சொன்னான். பேட்டரி நூறு, மோட்டார் பிடிக்காது, இரண்டாவது கியரைப் போட்டாலும் பிடிக்காது, பிடிக்க உள்ளே இன்ஜின் இல்லை, எல்லாப் பாரமும் பிரேக் மேல், நாலு வளைவில் அந்தச் சின்னப் பம்பு தோற்றுவிடும், மிதி கல்லாகிவிடும், அப்புறம் பிரேக் கட்டை காய்ந்து புகையும். ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொன்னான். கார் வந்த நாளிலிருந்து அவன் சொன்னதிலேயே சரியான விளக்கம் அதுதான்.

“பதினெட்டு வளைவு, ரிஸ்வானா. உமா ரெண்டாவது கியரப் போட்டுட்டு, பிடிக்கும்னு நம்பி வருவா. இந்தப் பக்கம் அத்தன பேரும் அப்படித்தான எறங்குறாக.”

“அக்கா பதறுறவுக இல்லண்ணே. பாத்து வந்துருவாக. இருங்க, நானும் வாரேன்.” அவள் கவுன்டரைப் பூட்டிவிட்டு, ரோட்டில் போன ஆட்டோவை நிறுத்தினாள்.

ஆட்டோவில் அவன் போனைக் கையில் பிடித்தபடி இருந்தான். புள்ளி நகரவில்லை. அந்தக் காரில் அவன் கை படாத ஒயர் ஒன்றுகூட இல்லை. கண்ணை மூடினால் பம்பின் ரிலே எங்கே இருக்கிறது, எந்தத் திருகு எத்தனை சுற்று என்று சொல்லிவிடுவான். அத்தனை தெரிந்தும் இப்போது அவனால் ஒரு மயிரும் செய்ய முடியவில்லை. வழியெல்லாம் திராட்சைப் பந்தலாக ஓடியது. ஆட்டோக்காரர் எதிரே வந்த ஒருவருக்குக் கையாட்டினார், அதற்கு அவரை அறையலாம் போலிருந்தது.

ரிஸ்வானா வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தாள். இடையில் நிறுத்தி, “ஒண்ணும் ஆகாதுண்ணே. கார மலப்பக்கமா சாத்துனாக் கூட நின்னுரும்ல?” என்றாள். பிரேக் கடையில் இருக்கிறவள், கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரிந்தவள். அவன் தலையாட்டினான். அழுகை வந்தது. அவள் பார்க்காத மாதிரி வெளியே பார்த்தாள்.

மலையடிவாரத்தில் ரோடு ஏறத் தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, மேலிருந்து ஒரு ஜீப் ஹார்ன் அடித்தபடி இறங்கி வந்தது. எஸ்டேட் ஜீப். முன்னால் உட்கார்ந்திருந்தது உமாதேவி.

ஜீப் நின்றது. பின் சீட்டில் ஒரு பெண்ணைப் படுக்க வைத்திருந்தார்கள். “மூக்கம்மாக்கா சரிவுல விழுந்துட்டாக. இடுப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்” என்றாள் உமாதேவி. “ரெண்டு தடவ கூப்பிட்டேன், நீங்க எடுக்கல. ஏன் இங்கன நிக்கிறீக?”

ஈஸ்வரபாண்டி ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “அப்பாடா. நல்ல வேள, நீ ஓட்டல” என்றான். சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது. எட்டு மாதக் காரும், அதன் பெருமையும் மலையோடு போகட்டும், இவள் முழுசாக முன்னால் இருக்கிறாள், அது போதும் என்றிருந்தது. அத்தனை சந்தோஷத்தை அவன் சமீபத்தில் அனுபவித்ததே இல்லை.

“நவாஸ் அண்ணன் ஜீப்பச் சரிபண்ண வந்திருந்தாக. காரை நான் எடுத்துட்டு வாரேன், நீங்க போங்கன்னு அவுகதான் சொன்னாக. பின்னாலதான் வந்துக்கிட்டு இருப்பாக” என்றாள் உமாதேவி. டிரைவர் அவசரப்படுத்தினார். ஜீப் போய்விட்டது.

ரோட்டில் அவனும் ரிஸ்வானாவும் நின்றார்கள். அவன் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ரிஸ்வானா சத்தம் போடவில்லை. “நூறு காட்டுதுன்னு சொன்னீகளே. இப்ப எம்புட்டு காட்டுது, பாருங்க” என்றாள்.

அவன் பார்த்தான். நூறு. புள்ளி அதே வளைவில். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நாலு வளைவு, பம்பு, கல் மிதி, புகை என்று அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தவன் அவன்தான். இனி சொல்ல ஒன்றும் பாக்கி இல்லை. சற்று முன் அவள் அவனுக்குச் சொன்ன ஆறுதலில் ஒரு வார்த்தையையாவது திருப்பிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். அவள் ஏற்கெனவே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டோ முனகி முனகி ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் இருவரும் பள்ளத்தின் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். கைப்பிடிச் சுவர் எங்கும் உடையாமல் இருந்தது. அவள் ஓதுவதையும் நிறுத்திவிட்டிருந்தாள். அதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

பாதி மலையில் கேரளா பஸ் ஒன்று குறுக்கே நின்றது. அதைத் தாண்டி மலைப்பக்கத்து ஓடையில் கார் மூக்கைச் சொருகிக் கிடந்தது. இடப்பக்கம் முழுக்கப் பாறையில் தேய்ந்து உரிந்திருந்தது. சக்கரங்களிலிருந்து இன்னும் கருகல் நாற்றம் வந்தது. பஸ்ஸில் வந்தவர்கள் நவாஸை வெளியே எடுத்து, ஒரு துண்டை விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். வலது கால் முட்டிக்குக் கீழே திரும்ப வேண்டாத பக்கம் திரும்பியிருந்தது. ஆள் நினைவோடு இருந்தான்.

ரிஸ்வானா ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

“கியரப் போட்டா போட்ட மாதிரியே இல்ல பாண்டி” என்றான் நவாஸ். பல்லைக் கடித்துக் கடித்துத்தான் பேச முடிந்தது. “நியூட்ரல்ல உருட்டுன மாதிரி ஓடுது. அஞ்சாவது வளைவுல மிதி கல்லாப் போச்சு. ரெண்டு காலையும் வச்சு ஏறி நின்னேன். ஹேண்ட் பிரேக்கயும் இழுத்தேன். எதுக்க பஸ்ஸு. சாத்திட்டேன்.” பிறகு சிரிக்கப் பார்த்தான். “பம்பு சிறுசுன்னு சொன்னேன்ல.”

ஈஸ்வரபாண்டி குந்தி உட்கார்ந்தான். நூறு, எண்பது, காதுகுத்து என்று தொடங்க வேண்டியது அவன்தான். அவன் கருகிய சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நவாஸ் கையை நீட்டி அவன் முழங்கையைப் பிடித்தான். ஆறுதல் சொல்வதற்காகவே பிடித்தான்.

“விடு பாண்டி. கால்தானே. நல்ல வேள, உமா ஓட்டல.”

“ஆமா” என்றாள் ரிஸ்வானா. முந்தானையால் கணவனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. “கீழ வச்சு அண்ணனும் அதத்தான் சொன்னாக.”

நவாஸ் அதை நல்லபடியாகவே எடுத்துக்கொண்டு தலையாட்டினான்.