வெயில் காணாத துணி

தென்னூர் டாக்டரம்மாவுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. திரைக்குப் பின்னால் கமருன்னிசாவைப் பரிசோதித்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தவர், கூட வந்திருந்த மாமியார் ஷரபுன்னிசாவும் கேட்கட்டும் என்றே உரக்கக் கேட்டார்.

"மாசாமாசம் வைக்கிற துணியை எங்கம்மா காயப்போடுறே?"

கமருன்னிசாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. புகுந்த வீட்டுக்கு வந்து சில நாளிலேயே அரிப்பு தொடங்கிவிட்டது. புருஷன் காஜா மைதீன் பக்கத்தில் வந்தால் எரிச்சலில் கண்ணில் தண்ணீர் முட்டும். அவன் பாவம், தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவான். யாரிடம் சொல்வாள்? அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று அவள் படும் பாட்டை மாமியே ஒருநாள் பார்த்துவிட்டுத்தான் குதிரை வண்டிக்குச் சொல்லி அனுப்பினாள்.

"குளிக்கிற ரூம்புலங்க. விறகுக்குப் பின்னால," என்றாள் தரையைப் பார்த்து.

"அங்க காயுமா?"

"காயாதுங்க. ஈரமாத்தான் இருக்கும்."

"பின்னே அரிக்காம என்ன செய்யும்? ஈரத்துல நாறுன துணியை வெச்சா அதுல இருக்கிற கிருமி உன் உடம்புல குடியேறும். புண்ணாகி கர்ப்பப்பை வரைக்கும் போச்சுன்னா, அப்புறம் புள்ள தங்கலைன்னு எங்கிட்டயே வந்து அழுவே." டாக்டரம்மா ஊதா மருந்துப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "வீட்டுக்காரரையும் ஒரு தடவை வரச் சொல்லு. ஒரே துணியோட நாள் பூரா இருக்காதே, மாத்திக்கிட்டே இரு. கழுவுறப்ப முன்னாலேருந்து பின்னால கழுவு, வெறும் தண்ணி போதும், உள்ள சோப்பு கீப்பு போட்டுத் தேய்க்காதே. துணியை சோப்புப் போட்டு அலசி நல்ல வெயில்ல காயவை. மருந்து பாதிதான், மீதி வெயில்."

பிறகு மாமியாரிடம் திரும்பினார். "நீங்க எங்க காயப்போடுவீங்க?"

ஷரபுன்னிசா துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வண்டி தெப்பக்குளம் தாண்டுகிற வரை மாமி வாயே திறக்கவில்லை. அப்புறம் திறந்தது, மூடவில்லை. "வெயில்ல போடணுமாம்ல. மொட்டை மாடியில தோரணம் கட்டச் சொல்லுதா அந்தம்மா? இத்தனை காலம் ஒரு ஆம்பளை கண்ணுல படாம காப்பாத்தி வெச்சிருக்கோம்."

மாமி சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர்கள் வீடு மலைக்கோட்டைக்கு நேர் கீழே. முன்கட்டில் மாமனார் அப்துல் சுக்கூரின் ஜவுளிக்கடை, பின்கட்டில் குடித்தனம், மேலே மொட்டை மாடி. உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட ஏறுகிற ஜனம், கும்பிட்டு முடித்ததும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்ப்பது இந்த மாடிகளைத்தான். யார் வீட்டில் வடகம் காய்கிறது, யார் வீட்டில் மிளகாய் காய்கிறது என்று அங்கே நின்றே சொல்லிவிடலாம்.

"மாடிப் பேச்சே வேணாம் புள்ள. மருந்தைப் போடு, சரியாயிடும்."

மருந்தைப் போட்டாள், சரியானது. மறுமாதம் அதே விறகு மூலை, அதே ஈரத் துணி. போன அரிப்பு பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தது. கமருன்னிசா குளிக்கும் அறையில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அடுத்த மாதம் மாமி என்ன, மலையே எதிரில் நின்றாலும் சரி, மாடிக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டாள்.

அடுத்த மாதம் என்பது ஆடி மாதம். அந்தப் பெண்ணுக்கு ஆத்திரத்தில் அது தோன்றவில்லை.

மத்தியானம் மாமி சாப்பிட்டுப் படுத்ததும் நைசாக மாடிக்கு ஏறினாள். கொடியில் துணிகளைப் போட்டு மேலே ஒரு புடவையை மூடினாள். மூடினால் வெயில் எங்கே படும்? புடவையை உருவிவிட்டு மலைக்கு முதுகைக் காட்டி நின்றாள். துணிகள் காய்ந்து அப்பளம்போல ஆயின. ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடாக, மொடமொடப்பாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சும்மா வந்தது.

அப்போதுதான் ஆடிக் காற்று ஒரு அடி அடித்தது. ஒரு துணி கொடியை விட்டுக் கிளம்பி, சுவரைத் தாண்டி, தெருவுக்கு மேலே நின்று நிதானமாக ஊர் பார்த்துவிட்டு, கீழே இறங்கியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். துணி விழுந்தது மாமனாரின் கடைப் படியில்.

தடதடவென்று கீழே ஓடி மாமியை உலுக்கினாள். "மாமி, ஒண்ணு பறந்து போயிடுச்சு."

"எது?"

"அதுதான் மாமி. கடை வாசல்ல விழுந்துடுச்சு."

"யா அல்லா, மானம் கப்பலேறிடுச்சே," என்று ஷரபுன்னிசா எழுந்த வேகத்தில் முக்காடு நழுவியது. இரண்டு பேரும் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

கடையில் திருவெள்ளறை அழகர்சாமி மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்துக்கொண்டிருந்தார். அப்துல் சுக்கூர் கையில் அந்தத் துணி. விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாமி மருமகளின் கையை நெரித்தாள்.

"நல்ல மல்லுத் துணி," என்றார் அப்துல் சுக்கூர். "நம்ம கடைச் சரக்குதான். தொட்டாலே எனக்குத் தெரியும்."

"எங்கேருந்து பாய் வந்துச்சு?"

"காத்து கொண்டாந்து போட்டுச்சு. நாலா மடிச்சு ஓரம் அடிச்சிருக்காங்க. மூலையில டீக்கறை."

"இட்லித் துணியா இருக்கும்."

"இட்லித் துணி இம்புட்டு நீளமா இருக்குமா? அடிபட்டா கட்டுறதுக்கு வெச்சிருப்பாங்க." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அந்தத் துணியால் துடைத்து, மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார். "அட, நல்லா துடைக்குதுங்களே. பளிச்சுனு தெரியுது."

மாமி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அடுப்படி வரைதான் தாங்கியது. அங்கே போய்ப் பொத்தென்று தரையில் உட்கார்ந்து சிரித்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டு, காலை உதைத்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். கமருன்னிசாவும் அவள்மேல் சாய்ந்து மூச்சு முட்டச் சிரித்தாள்.

"பொழுது விடிஞ்சா துணியோடதான் அவருக்குப் பேச்சு. அவருக்கே அது என்னன்னு தெரியல பாரு," என்றாள் மாமி. "எப்படித் தெரியும்? நாமதான் காட்டவே இல்லையே. ஊர்ல எந்த ஆம்பளைக்கும் தெரியாது புள்ள. தெரியாதவங்களுக்குப் பயந்துகிட்டு இருட்டுல ஒளிச்சு வெச்சிருக்கேன்."

மறுபடி சிரிக்கப் போனவள், பாதியில் நின்றுவிட்டாள். கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"எனக்கும் அரிக்கும்டி. வாக்கப்பட்டு வந்ததுலேருந்து அரிக்கும். பொம்பளையாப் பொறந்தா அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்."

கமருன்னிசா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமி பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள், நேரே குளிக்கும் அறைக்குப் போனாள். விறகுக்குப் பின்னால் கையை விட்டுத் தன்னுடையதையும் மொத்தமாக வாரி, அங்கேயே சோப்புப் போட்டு அலசிப் பிழிந்து எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். காற்று கொண்டுபோகாதபடி ஒவ்வொன்றையும் கொடியில் முடிச்சுப் போட்டாள். மலையில் நல்ல கூட்டம்.

"பார்க்கிறாங்க மாமி."

"பார்க்கட்டும். நிறைய இட்லி சுடுற வீடுன்னு நெனச்சுக்குவாங்க."

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு மாமி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"அந்த டாக்டரம்மா இனி எந்தக் கிழமை பார்ப்பாங்க?"

"சனிக்கிழமை மாமி."

"வண்டிக்கு சீக்கிரமா சொல்லி வை," என்றாள் ஷரபுன்னிசா. "இந்தத் தடவை மொதல்ல என்னைப் பார்க்கட்டும்."