மாவு வாங்கிய சாட்சி

கிறிஸ்துமஸுக்கு மாவு கொடுத்த குற்றத்துக்காக சைலஸைப் பிப்ரவரியில் விசாரித்தார்கள். எங்கள் குடாவில் நீதிமன்றம் கிடையாது. பள்ளிக்கூட பெஞ்சுகளைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டு, மேசைக்குப் பின்னால், எங்களை மேய்க்க அரசாங்கம் அனுப்பிய வெள்ளைக்கார ஏஜெண்ட் உட்கார்ந்தால் அதுதான் நீதிமன்றம். சைலஸ்மேல் புகார் கொடுத்தவரும் அவரே, தீர்ப்புச் சொல்லப்போகிறவரும் அவரே. இந்தியர் என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த பூர்வகுடிகள் நாங்கள்; எங்களுக்கென்று போட்ட இந்தியர் சட்டம் அதற்கும் இடம் கொடுத்திருந்தது. மிஷன் பள்ளியில் அடி வாங்கி ஆங்கிலம் கற்றுக்கொண்ட பாவத்துக்கு, இரண்டு பக்கத்துக்கும் நான் மொழிபெயர்ப்பாளன்.

நடந்தது இவ்வளவுதான். சைலஸின் அண்ணன் ஏமஸ், ஹாலிபட் மீன் பிடிக்கப் போய்ப் படகு கவிழ்ந்து செத்துப்போனான். அவனுடைய பெயரும், விருந்துச் சபையில் அவனுக்கு இருந்த இடமும் மூத்த பிள்ளையான லிடியாவுக்கு வரவேண்டும். பழைய நாளாக இருந்தால் பெரிய வீட்டில் ஊர்களைக் கூட்டி, ஆடி, விருந்து வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்து, பெயரை அவள்மேல் வைத்திருப்போம். இதைத்தான் பொட்லாட்ச் என்று பெயர் சொல்லிச் சட்டம் தடுத்திருந்தது. அதனால் சைலஸ் படகு நிறைய மாவு மூட்டை ஏற்றிக்கொண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் வீடு வீடாகப் போனான். வாசலில் நின்று, "இனிமே எங்கண்ணன் எடத்துல லிடியா. நீங்க சாட்சி" என்று சொல்லிவிட்டு ஒரு மூட்டையை இறக்கி வைத்தான். அந்தப் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். அதைக் காதில் வாங்குவதற்கு உங்களுக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

வாங்கியவர்தான் சாட்சி. நாலு பேர் கேட்டால் "ஆமாம், வாங்கினேன், பார்த்தேன்" என்று சொல்லக் கடமைப்பட்டவர். கொடுத்தவன் தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. வாங்கியவர்களே பலர் முன்னால் இல்லை என்றால் காரியம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். மூட்டை வயிற்றுக்குள் போயிருக்கலாம், பெயர் மட்டும் நிற்காது.

இப்போது சிக்கல் புரிந்திருக்கும். ஆமாம் என்றால் சைலஸுக்கு ஜெயில். இல்லை என்றால் லிடியாவுக்குப் பெயர் இல்லை.

முதலில் காலேப்பைக் கூப்பிட்டார்கள். சைலஸோடு சேர்ந்து வளர்ந்தவன், ஈரமனசுக்காரன். "பண்டிகைக்கு மாவு குடுத்தான். நானும் அவனுக்கு ஆப்பிள் குடுத்தேன். வேற என்ன?" என்றான். லிடியாவைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று ஏஜெண்ட் கேட்டார்.

"லிடியா நல்லாருக்கான்னு சொன்னான்."

பெஞ்சுகளில் சிரிப்பு. சைலஸ் சிரிக்கவில்லை. காலேப் அவன் பக்கத்தைத் தாண்டிப் போகும்போது, "உன்னை யாருடா எனக்குப் பாவம் பாக்கச் சொன்னது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். காலேப்புக்கு முகம் வாடிவிட்டது. அடுத்து வந்த இருவரும் அதே பண்டிகை, அதே ஆப்பிள். வெள்ளைக்காரன் அறையில் சொல்லும் பொய் கணக்கில் வராது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் எங்கள் குடாவில் பாதிப் பேர் அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். லிடியா கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்திருந்தாள். இருபது வயதுப் பெண். அவள்மேல் அன்பு வைத்தவர்களே ஒவ்வொருவராக அவளை அழித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் மொழி தெரிந்த கடைக்காரரை என் பக்கத்திலேயே உட்காரவைத்திருந்தார் ஏஜெண்ட். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மிச்சம் இருந்தது ஆக்னஸ் மட்டும். அவள் எதிர்க்கரை ஜோசையாவின் மனைவி. ஜோசையா ஏமஸுக்குப் பங்காளி. அந்த இடம் தனக்குத்தான் வரவேண்டும் என்று ஏமஸின் சவப்பெட்டியை மூடும் முன்பே பேச ஆரம்பித்தவன். அவன் இல்லாத நேரத்தில்தான் சைலஸ் அந்த வாசலுக்குப் போயிருந்தான். சைலஸை ஆக்னஸுக்கும் ஆகாது. ஆனாலும் மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள். அதைப் போலீஸ்காரர் பார்த்துவிட்டார்.

அன்று காலை அவர்கள் படகில்தான் நானும் வந்தேன். ஜோசையா இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவளுக்குப் பாடம் எடுத்தான்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. சைலஸும் வீட்டுக்குப் போவான், எடமும் நமக்கு வந்துரும். இதுல யாருக்கு என்ன நஷ்டம் சொல்லு?"

ஆக்னஸ் உலர்ந்த சால்மனை மீன்நெய்யில் தோய்த்து மென்றுகொண்டிருந்தாள்.

"அந்த மாவுல ரொட்டி சுட்டேனே, எத்தனை தின்ன?"

"அதுக்கும் இதுக்கும் என்னடி?"

"கேட்டேன், அவ்வளவுதான். முன்னாடி பாறை இருக்கு, திரும்பிப் பாத்து ஓட்டு."

பள்ளிக்கூடத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டதும் ஜோசையா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். சபையில் உட்காரப்போகிறவனுடைய அடக்கம் அவனுக்கு அப்போதே வந்துவிட்டது. சைலஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

இந்த மனிதன் உனக்கு மாவு கொடுத்தானா என்று கேட்டார் ஏஜெண்ட். நான் மொழிபெயர்த்தேன்.

"குடுத்தான்."

"பண்டிகைக்கா?"

ஆக்னஸ் என்னைப் பார்க்கவில்லை, ஏஜெண்டையும் பார்க்கவில்லை. பெஞ்சுகளைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"பண்டிகைக்கு இவன் எனக்கு எதுக்குக் குடுக்கப் போறான்? இவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஏமஸ் எடத்துல லிடியா உக்காருறா, நீ சாட்சின்னு சொல்லிக் குடுத்தான். வாங்கினேன். சுட்டுத் தின்னோம். என் புருசனும்தான் தின்னாரு. அந்த எடம் லிடியாவோடது." பிறகு லிடியாவின் புதுப் பெயரையும் முழுதாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

ஜோசையாவின் தொப்பி கீழே விழுந்தது. அவன் எடுக்கவில்லை. நான் மொழிபெயர்த்தேன். கடைக்காரர், சரிதான் என்று தலையாட்டினார். லிடியா தலையை நிமிர்த்தினாள். காலேப் எழுந்து, "நானும் வாங்கினேன், நானும் பாத்தேன்" என்று கத்தினான். மற்ற இருவரும் எழுந்துவிட்டார்கள். ஏஜெண்ட் மேசையைத் தட்டினார். சைலஸ் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அண்ணன் போனபிறகு நான் பார்த்ததில்லை. ஜெயிலுக்குப் போகும் மனிதனின் முகம் அது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டு மாதம் என்றார் ஏஜெண்ட்.

அதோடு விட்டிருந்தால் அவருக்கு மரியாதையாகப் போயிருக்கும். ஆனால் அவருக்கு ஆக்னஸ்மேல் சந்தோஷம். உண்மை பேசிய ஒரே பெண் என்று எங்களுக்கு ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, இரண்டு வெள்ளி டாலரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எதுக்குன்னு கேளு" என்றாள் ஆக்னஸ்.

கேட்டேன். வந்து சாட்சி சொன்னதற்காம். சாட்சிக்குப் படி கொடுக்கவேண்டும் என்று அவர்கள் சட்டத்திலும் இருக்கிறதாம்.

ஆக்னஸ் காசை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் தெரியும்படி கையை உயர்த்தினாள்.

"எல்லாரும் பாத்துக்கங்க. நான் வாங்கிட்டேன். அண்ணன் மகளை அவ எடத்துல உக்காரவச்சதுக்காக ஒரு மனுசனை இந்தத் துரை ஜெயிலுக்கு அனுப்பினாரு. அதுக்கு நான் சாட்சி. கூலி குடுத்திருக்காரு, நான் சும்மா இருக்க முடியாது. கல்யாணத்துல சொல்லுவேன், சாவுல சொல்லுவேன், மீன் டப்பா அடைக்கிற எடத்துல சொல்லுவேன். அவரு பேரையும் சேத்தே சொல்லுவேன்."

ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். அன்றைக்குப்போல் என் ஆங்கிலம் என்றைக்கும் நன்றாக இருந்ததில்லை.

ஏஜெண்டின் காது சிவந்தது. காசைத் திருப்பி வைக்கச் சொன்னார்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்குறாரா?" என்று என்னைக் கேட்டாள் ஆக்னஸ். "பாவம், வளத்தவங்க சரியில்ல." இதையும் மொழிபெயர்த்தேன். கடைக்காரர் இந்த முறை தலையாட்டவில்லை, இருமினார்.

சைலஸைப் போலீஸ் படகில் ஏற்றினார்கள். "சித்தப்பா!" என்று லிடியா ஒரே ஒருமுறை கூப்பிட்டாள். "அழாத. இப்ப நீ அழக்கூடாது" என்றான் அவன். அந்தப் படகு முனையைத் தாண்டும்வரை துறையில் நின்றோம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். நான் அழலாம், சபையில் எனக்கு எந்த இடமும் கிடையாது.

லிடியாவை அழைத்துப்போக ஆள் இல்லை. அவள் வந்தது சைலஸின் படகில். அதைப் போலீஸ் பிடித்து வைத்துக்கொண்டது. நாங்கள் வந்த படகில் ஜோசையா இன்ஜினைத் துடைப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். நடுப்பலகையில் அவன் கோட்டு விரித்துக் கிடந்தது. சாரல் படாத, நல்ல இடம் அது ஒன்றுதான்.

ஆக்னஸ் துறையிலிருந்து லிடியாவைப் புதுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு புருசனைப் பார்த்து, "பெரியவங்க வராங்க. கோட்டை எடுய்யா" என்றாள்.

ஜோசையா திரும்பவில்லை. துணியைப் பிழிந்தான், மறுபடி துடைத்தான். அலை படகைத் தூணில் இரண்டு தரம் முட்டியது. கடைசியில் எழுந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். பலகையில் தேங்கியிருந்த தண்ணீரைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, அவள் இறங்குவதற்குக் கை நீட்டினான்.