மாமனாரிடம் கொடுக்க ஒரு காடைக் கதை

1

இந்தக் கதை என் தலையில் தானாக உதித்ததல்ல. தையல்காரரிடம் துணி கொடுப்பதுபோல ஒருவர் அளவும் சொல்லி, அவசரம் என்றும் சொல்லி, கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் கட்டடத்து லிப்டைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக் அவர்.

வீட்டில் காடை வளர்க்கிறார் என்பது எனக்கு முன்பே தெரியும். வரும்போதெல்லாம் ஒரு டப்பாவில் முட்டை கொண்டுவந்து தருவார். அதை வைத்துச் சிரிக்கச் சிரிக்க ஒரு கதை எழுதலாம் என்று நானும் பேனாவைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். இந்த முறை டப்பா இல்லாமல் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"சார், ஒரு கதை எழுதித் தர முடியுமா?"

"என்ன கதை?"

"ஒரு மருமகன், ஒரு மாமனார். மருமகன் ஒரு தப்புப் பண்ணிடறான். கடைசில மன்னிப்புக் கேக்கறான். அவரும் மன்னிச்சுடறார். பேரு எதுவும் போட வேணாம். எங்க மாமா கையில எதைக் குடுத்தாலும் விளம்பரம்கூட விடாம படிப்பார். படிச்சா அவருக்கே புரிஞ்சுடும்."

"நேர்லயே சொல்லிடலாமே?"

"வாய் வரல சார். ஞாயித்துக்கிழமை பெரிய பொண்ணு வீட்டுக்குக் கிளம்பறார். போனா திரும்பி வர மாட்டார்."

அதன் பிறகு அவர் முழுக் கதையையும் சொன்னார். சொல்லும்போது ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்; நல்ல கதை கிடைத்துவிட்டதே என்று. அந்தச் சந்தோஷத்துக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "காடை ஒரு சாதுவான பறவை. அது யாருக்கும் ஒரு தீங்கும்—"

(அடித்துவிட்டேன். பள்ளிக்கூடக் கட்டுரை.)

இரண்டாம் தொடக்கம்: "அவமானம் என்பது அடுத்தவர் நமக்குச் செய்வது; வெட்கம் என்பது நாம் நமக்கே—"

(இதையும் அடித்துவிட்டேன். மாமனார் இந்த வரியிலேயே தாளை மடித்து வைத்துவிடுவார்.)

மூன்றாம் தொடக்கம்: "மாமனார் வந்த வாரத்தில்தான் முட்டை குறைய ஆரம்பித்தது."

இது இருக்கட்டும். இந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் இதிலுள்ள கேடு.

3

அந்த மருமகனை இனி 'அவன்' என்றே எழுதப் போகிறேன். கதைக்கு வெளியே 'அவர்' என்றுதான் சொல்கிறேன். ஆனால் கதைக்குள் அவனை நாலு வார்த்தை திட்ட வேண்டியிருக்கிறது. மரியாதை போட்டுக்கொண்டு திட்ட எனக்கு வராது.

அவன் வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறை, ஒரு கூடம், கம்பி போட்ட பால்கனி. சின்ன அறையில் காடைக் கூண்டு இருந்தது. பழைய கூண்டு, ஒரு பண்ணைக்காரர் கழித்துக் கட்டியதை வாங்கி வந்தான். அடியில் கம்பி வலை, அதற்குக் கீழே எச்சம் விழுகிற தட்டு, முன்பக்கம் முட்டை வந்து நிற்க ஒரு வாய்க்கால். காடை மிரண்டால் நேராக மேலே எகிறி மண்டையை இடித்துக்கொள்ளும் என்பதால் கூரைக்கு உள்பக்கம் பழைய போர்வையை மடித்துக் கட்டியிருந்தான்.

பெட்டைகள் சாயங்காலமாக முட்டையிடும். மார்பு செம்பழுப்பாக மாறினால் சேவல். அதில் வேண்டியதற்கு மேல் இருப்பதை விடுமுறை நாளில் குளியலறையில் வைத்து அறுப்பான். வாரம் ஒரு நாள் கறி, தினமும் முட்டை. கடையில் வாங்குவதைவிட மலிவா என்று மனைவி கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.*

(* இதை எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன். மாமனார் ஒரு இடத்திலாவது சிரிக்கட்டும்.)

அப்போதுதான் மாமனார் வந்தார். பேருந்துக் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் தவறிய பின் சில காலம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார்; ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். மகள் போய்க் கையோடு கூட்டிவந்துவிட்டாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று அவரே சொல்லிக்கொண்டுதான் படியேறினார்.

சின்ன அறையில் அவருக்குக் கட்டில் போட வேண்டும். கூண்டு பால்கனிக்குப் போனது.

இங்கேதான் கதை கவிழ்கிறது. அவன் என்ன செய்தான் தெரியுமா? பால்கனியில் வைத்த கூண்டின் அடித்தளம் முன்பக்கமாகச் சரிந்திருப்பது கண்ணில் பட்டது. லிப்ட் வந்து நிற்கும்போது அதன் தரையும் மாடியின் தரையும் ஒரு நூல்கூட ஏறி இறங்கி இருக்கக் கூடாது. இருந்தால் யாராவது தடுக்கி விழுவார்கள். வாழ்நாளெல்லாம் அதைப் பார்த்துப் பழகிய கண். மட்டம் பார்க்கும் ரசமட்டக் கட்டையை எடுத்து வந்தான். பின்னங்காலுக்கடியில் பண்ணைக்காரர் வைத்துக் கொடுத்திருந்த இரண்டு கட்டைகளையும் உருவினான். குமிழி நடுவில் வந்து நின்றது.

"இப்போதான் நேரா இருக்கு," என்றான்.

"பிரமாதம் மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

4

மாமனாரை என்னால் நம்பவே முடியவில்லை. நான் அவரைப் பார்த்ததில்லை. மெக்கானிக் சொல்வதைக் கேட்டால் தங்கமான மனிதர். கதையில் தங்கமான மனிதர் வந்தாலே நான் உரசிப் பார்ப்பேன். "அவர்கிட்ட ஒரு குறையும் இல்லையா?" என்று நச்சரித்தேன்.

யோசித்துவிட்டுச் சொன்னார். டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைப்பார். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பார். கண்ணாடி போட்டால் கிழவன் மாதிரி இருக்கிறது என்று படிக்கிற நேரம் தவிரப் போட மாட்டார். அப்புறம், காடை முட்டை என்றால் உயிர். உப்பு மட்டும் தொட்டு, முழுசாக வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

"அதுதான் சார்," என்றார். "அந்தக் கண்ணை மூடறதைப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு அந்த நினைப்பே வந்தது."

சும்மா உட்கார்ந்து சாப்பிட அவருக்குக் கூச்சம். அதனால் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து கூண்டின் எச்சத் தட்டை உருவி, மேலே விரித்த பழைய பேப்பரைச் சுருட்டிக் குப்பையில் போட்டு, கழுவி, புதுப் பேப்பர் விரித்து வைப்பார். யாரும் சொல்லவில்லை. மருமகன் வீட்டில் சாப்பிடுகிற சோறு தொண்டையில் இறங்க அவருக்கு அப்படி ஒரு வேலை தேவைப்பட்டது.

முட்டை குறைந்துகொண்டே வந்தது. தீவனம் அதேதான், விளக்கு அதேதான், பெட்டைகளும் அதேதான். சாயங்காலம் வீட்டில் இருப்பது மாமனார் ஒருவர்தான். மனைவி வேலை விட்டு வர இருட்டிவிடும். அவன் மனம் கணக்குப் போட்டது. விடை வந்ததும் அவனுக்கே கூசியது. கூசினாலும் விடையை அழிக்கவில்லை.

5

இந்தப் பகுதியை எழுதவே வேண்டாம் என்று கெஞ்சினார். இதை விட்டால் கதையில் மிஞ்சுவது கூண்டு மட்டும்தான்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவித்த முட்டைக் கிண்ணம். மாமனார் ஒன்று சாப்பிட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். அவன் சிரித்த முகத்தோடுதான் கேட்டான்.

"ஏன் மாமா, உங்க பஸ்ல டிக்கெட் எடுக்காம ஒருத்தன் போனா கண்டுபிடிச்சிடுவீங்கல்ல?"

"மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன் மாப்பிள்ளை."

"அப்போ நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும். நம்ம வீட்டுல தினமும் நாலஞ்சு முட்டை டிக்கெட் எடுக்காமலே இறங்கிப் போகுது."

முதலில் சிரித்தது மாமனார்தான். நல்ல வேடிக்கைப் பேச்சுக்குச் சிரிக்கிற ஆள் அவர். சிரிப்பு பாதியில் இருக்கும்போது கையிலிருந்த முட்டையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். முட்டையைக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்தார்.

"ஏம்பா?" என்றாள்.

"வயிறு ஒரு மாதிரி இருக்கும்மா. வாயுத் தொந்தரவு."

அன்றிலிருந்து அவர் முட்டையைத் தொடவில்லை. அதைவிட, கூண்டையும் தொடவில்லை. பால்கனிப் பக்கமே போகவில்லை. சாயங்காலம் ஆனதும் கீழே இறங்கி, மகள் வரும்வரை கட்டட வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து.

(ஒரு கட்டுரை வரிக்கு இடம் கொடுங்கள்: நேரடியாகத் திட்டினால் திருப்பித் திட்டலாம், மன்னிப்பும் கேட்கலாம். வேடிக்கையாகச் சொன்ன பழிக்கு இரண்டுமே கிடையாது. மன்னிப்புக் கேட்டால், 'ஆமாம், உன்னைத் திருடன் என்றுதான் சொன்னேன்' என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அவன் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். மாப்பிள்ளை முறுக்கு வேறு கொஞ்சம் இருந்தது.)

6

மாமனார் விட்ட வேலை அவன் தலையில் விழுந்தது. முதல் நாள் தட்டை உருவியபோதே பார்த்துவிட்டான். பேப்பரில் எச்சத்தோடு மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. புள்ளி போட்ட ஓட்டுத் துண்டு ஒன்றும் கிடந்தது. கண்ணாடி இல்லாத கண் இத்தனை நாளாய் அதைச் சுருட்டிச் சுருட்டிப் போட்டிருக்கிறது.

அடுத்த நாள் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, கூண்டின் முன் குந்தி உட்கார்ந்தான். ஒரு பெட்டை முட்டையிட்டது. முட்டை உருண்டு வாய்க்காலுக்கு வர வேண்டும், வரவில்லை. தரைதான் மட்டமாக இருக்கிறதே! அங்கேயே கிடந்தது. இன்னொரு காடை அதன்மேல் மிதித்துக்கொண்டு போனது. ஓடு விரிசல் விட்டதும் இரண்டு மூன்று சேர்ந்து கொத்தித் தின்றன, ஓட்டோடு. வேலியே பயிரை மேய்ந்துகொண்டிருந்தது. அந்த வேலியைச் சரியாக நட்டு வைத்தவன் அவன்.

அந்தச் சரிவு முட்டைக்காகத்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கட்டைகளைத் தேடி எடுத்துப் பின்னங்காலுக்கடியில் செருகினான். கை நடுங்கியது என்று எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதாதீங்க சார். அப்ப எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது. கண்டுபிடிச்சுட்டேன்னு இருந்தது. வெக்கம் அப்புறமாத்தான் வந்தது," என்றார்.

7

முட்டை தின்று ருசி கண்ட காடை அதை விடாது என்கிறார்கள். அலகில் மஞ்சள் ஒட்டியிருந்த மூன்றையும் அவன் அறுத்தான். இரவுச் சாப்பாட்டில் கறி வந்தது. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் சரிசெய்துவிடலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை. கறிக் கிண்ணத்தைக் காட்டி, வீடே கேட்கும்படி சொன்னான்.

"முட்டைத் திருடன் அகப்பட்டுட்டான் மாமா! இதோ, இதுங்கதான். இதுங்களே போட்டு இதுங்களே தின்னிருக்குங்க!"

மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? பாத்தீங்களாப்பா!"

மாமனார் கறியைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டார்.

"அதுக்கு முன்னாடி யாரைச் சந்தேகப்பட்டீங்க மாப்பிள்ளை?"

கதவு திறந்துதான் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அவர் அதற்காகத்தான் கேட்டிருக்கிறார் என்பது எனக்கே தெரிகிறது, அவனுக்குத் தெரியாதா?

"யாரையும் இல்ல மாமா," என்றான்.

"சரி," என்றார். எழுந்து கை கழுவப் போனார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் பெரிய மகளுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். அந்த வீட்டில் அவருக்குப் படுக்கக் கூடம்தான். "இங்க தனி ரூம் இருக்கேப்பா," என்று இளையவள் அழுதாள். "கொஞ்ச நாள் அங்கேயும் இருக்கணும்லம்மா," என்றார். கணவனிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு போடும்போது தட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கிறாள்.

8

இனி முடிவு. அவர் கேட்ட முடிவு எது என்று எனக்குத் தெரியும். எழுதிப் பார்த்தேன்.

அ) "மருமகன் மாமனாரின் காலில் விழுந்தான். அவர் அவனைத் தூக்கி மார்போடு—" (இல்லை. இந்த ஆள் குனிவதெல்லாம் லிப்ட் குழிக்குள் இறங்கும்போது மட்டும்தான்.)

ஆ) மனைவி இடையில் புகுந்து இருவரையும் சேர்த்து வைக்கிறாள். (அவள் ஏற்கெனவே எல்லாச் சுமையையும் தூக்குகிறாள். இதையும் அவள் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.)

இ) போகும் வழியில் மாமனார் இறந்துவிடுகிறார், மருமகன் காலமெல்லாம் வருந்துகிறான். (ஆளைக் கொன்றுவிட்டால் எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம். வெட்கம் கெட்ட முடிவு.)

நேற்று மெக்கானிக் வந்தார். ஏழாம் பகுதிவரை படித்துக் காட்டினேன். "யாரையும் இல்ல மாமா" என்ற வரி வந்ததும் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அதை மட்டும் எடுத்துடுங்க சார்."

"எடுக்க மாட்டேன்."

"சரி, மீதியப் படிங்க. மன்னிப்புக் கேக்கற எடம்."

"மீதி இல்ல."

"என்ன சார் இது? அதுக்குத்தானே எழுதச் சொன்னேன்!"

"நீங்க கேக்காத மன்னிப்பைக் கேட்டதா நான் எழுதினா, அவர்கிட்ட சொல்ற ரெண்டாவது பொய் ஆயிடும். அதுவும் அச்சுப்போட்ட மாதிரி."

கடைசித் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "இப்படியே குடுத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பார்?" என்றார்.

"இப்ப நினைக்கிறதைவிட மோசமா நினைக்க மாட்டார்," என்றேன்.

தாள்களை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இந்தக் கடைசி இரண்டு பகுதிகளையும் இன்று அவர் கையில் சேர்த்துவிடுவேன். எல்லாவற்றையும் கொடுப்பாரா, போகிற வழியில் கிழித்துப் போடுவாரா, எனக்குத் தெரியாது.

9

ஆகவே இந்தப் பகுதி பொது வாசகர்களுக்கு அல்ல. நீங்கள் இதுவரை கூட வந்ததற்கு நன்றி. இப்போது கொஞ்சம் மாமனாரின் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கதவைச் சாத்த வேண்டாம், ஒருக்களித்து வைத்தால் போதும்.

ஐயா, நீங்கள் விளம்பரம்கூட விடாமல் படிப்பவர் என்று உங்கள் மாப்பிள்ளை சொன்னார். அப்படியானால் இந்த வரிக்கும் வந்திருப்பீர்கள். நீங்கள் ஒரு முட்டையும் எடுக்கவில்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

உங்கள் பெட்டி கட்டியாகிவிட்டதா என்பது எனக்குத் தெரியாது. தாளைக் கீழே வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்திப் பாருங்கள். உங்களிடம் இதைக் கொடுத்தவர் இன்னும் போகாமல் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பார். அவருக்குத் தானாகப் பேச வராது. கேட்டால் பதில் சொல்லிப் பார்ப்பார்.

அன்றைக்குக் கேட்ட கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள்.