இருபத்தேழாம் இலக்கத்து வாய்

கருப்பம்மா வாயை அகலத் திறந்தார். மூன்று விரல் தாராளமாகப் போயிற்று.

கையில் இருந்த இருபத்தேழாம் இலக்க அறிக்கையின்படி அந்த வாய்க்குள் ஒன்றரை விரல்தான் நுழைய வேண்டும். இடது கன்னத்தின் உட்புறம் கல்லாய் இறுகியிருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாய்ப் பரிசோதனை முகாம் போட்டு, அந்த இடத்தில் துளி சதை வெட்டியெடுத்திருந்தோம். டோர்ச் அடித்துத் தேடினேன். வெற்றிலைக் கறை இருந்தது, தழும்பு இல்லை.

"அன்னைக்கு முகாமுக்கு வந்தது நீங்கதானா?"

"நாந்தாங்க வந்தேன். கடுதாசியில எம் பேருதானே போட்டிருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அன்று அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்ததுதான் அதிகம். முகாமில் நாற்பது பெண்களின் பேரையும் எழுதியவள் நான்தான். பேரென்ன என்று கேட்டேன், சொன்னதை எழுதினேன், அடையாள அட்டையைக் கேட்கவில்லை. தெமோதரைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து வளர்ந்த இந்த நிரஞ்சலாவுக்கு இது தெரியாதா? பதிவில் ஒருத்தியின் பேர் இருக்கும், அந்தப் பேரில் கொழுந்து பறிக்க மலை ஏறுவது இன்னொருத்தியாக இருக்கும். என் அம்மாவே நான்கு வருஷம் பெரியம்மாவின் பேரில் கொழுந்து எடுத்தவர். தோட்டத்துக்குள் வைத்து யார் கேட்டாலும் அந்தப் பதிவுப் பேர்தான் வாயில் வரும். வெள்ளைக் கோட்டுப் போட்டதும் எனக்கு எல்லாம் மறந்து தொலைந்துவிட்டது.

இருபத்தேழாம் இலக்கத்துச் சதையைப் பார்த்து முடிவெழுதியவர் டாக்டர் றில்வான். பதுளை ஆஸ்பத்திரியில் எங்கள் வாய்ப்புற்று ஆய்வுக்கு அவர்தான் தலைவர். முன்பெல்லாம் புற்றுநோய் என்றால் அந்தக் கலத்தைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். இப்போது உலகமெங்கும் அது குடியிருக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சுற்றியுள்ள சதை எவ்வளவு இறுகியிருக்கிறது, உள்ளே ஒட்சிசன் போகிறதா என்பதுதான் கேள்வி. பாக்கை வருஷக்கணக்கில் மென்றால் கன்னம் நார் நாராய் இறுகும், இரத்த ஓட்டம் குறையும். மூச்சுமுட்டிச் சாகாமல் தப்புகிற புற்றுக்கலங்கள்தான் பொல்லாதவை. மருந்துக்கு லேசில் மசியாமல், இடம் தேடிப் பரவப் பார்க்கும். இருபத்தேழில் அந்த நாருக்கு நடுவே புற்றுநோய் தொடங்கியிருந்தது. ஆய்வுக்கு நல்ல மாதிரி கிடைத்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அன்று புதன்கிழமை. வாய்ச் சத்திரசிகிச்சை நிபுணர் வெள்ளிக்கிழமை வருகிறார். அவர் பட்டியலில் கருப்பம்மா என்ற பேருக்கு இடம் பிடித்து வைத்திருந்தோம். அதை விட்டால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

நான் கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் முன் உட்கார்ந்தேன்.

"அம்மா, நானும் லயத்துப் புள்ளதான். பேர் மாத்தி மலையேறுற கதை எனக்கும் தெரியும். அந்தச் சதை யாரோடது? அவங்களுக்குப் புத்துநோய்."

அவர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"எந் தங்கச்சி," என்றார் கடைசியில். "பவளராணி. ஆறு வருஷத்துக்கு முன்ன தண்ணி ஓடுற கான்ல விழுந்து எனக்கு இடுப்பு போயிருச்சுங்க. தோட்டத்துல புதுசா பேர் பதியிறதில்ல. வேலைக்குப் போகலேன்னா எம் பேர வெட்டிட்டு, லயத்துக் காம்பரா வீட்டத் திருப்பிக் குடுன்னுருவாங்க. ரெண்டு குடும்பமும் அதுலதான் கெடக்கு. அதான் அவ எம் பேர்ல போறா."

டாக்டர் றில்வானைக் கூப்பிட்டு நான் விஷயத்தைச் சொன்னதும் கருப்பம்மா எழுந்து கும்பிட்டார். "எம் பேர்லயே அவளுக்கு அறுத்துருங்க சாமி. ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

"ஏலாதும்மா," என்றார் டாக்டர். "ஒங்கட பழைய கோப்ப வச்சித்தான் ரத்தம், மயக்க மருந்து எல்லாம் குடுப்பாங்க. ஆள் மாறினா உசிருக்கே ஆபத்து."

வழி இரண்டுதான் இருந்தது. பவளராணிக்கு அவருடைய சொந்தப் பேரில் மறுபடி சதை வெட்டி, மூன்று வாரம் கழித்து முடிவு வாங்கி, அடுத்த பட்டியலுக்குக் காத்திருக்கலாம். அல்லது அன்று வந்தது தங்கைதான் என்று கருப்பம்மா எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கிராம உத்தியோகத்தரோ தோட்டத்தை நடத்துகிற துரையோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கிராம உத்தியோகத்தர் திங்கட்கிழமைவரை விடுமுறை. மிச்சம் துரைதான். எந்த மனிதருக்கு ஆறு வருஷமாக மறைத்தார்களோ அவரிடமே போய் நிற்க வேண்டும்.

"ரெண்டு மாசம் தாங்குமா, சேர்?" என்று கேட்டேன்.

"தாங்கும்னு எழுதித் தர என்னால ஏலா."

அந்தக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஆட்டோ பிடித்தோம். உண்மையைச் சொன்னால் கருப்பம்மாவின் வீடு போகும், சொல்லாவிட்டால் தங்கை போவார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் கொழுந்து நிறுக்கிற நேரம். மடுவக் கொட்டகைக்கு முன்னால் பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். கங்காணி வீரய்யா பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். துரையின் ஜீப்பும் நின்றது, துரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பம்மா இடுப்பைப் பிடித்தபடி ஆட்டோவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பவளராணியை நான் பார்த்ததும் அடையாளம் கண்டேன். நாற்பது வயதிருக்கும். கன்னம் ஒட்டி, பல்லுக்கு நடுவால் பேசுகிறவர். ஓரமாய்க் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. காரம்தான் ஒத்துக்கல."

"சோறு சாப்பிடுறீங்களா?"

"கஞ்சிதான்."

"இது காரத்தால வந்ததில்ல. புத்துநோய். இப்ப வெட்டுனா தப்பிக்கலாம்."

அவர் முகம் வெளிறியது. ஆனாலும் கண் துரையின் பக்கமே போயிற்று. "அடுத்த மொற பாத்துக்கலாங்க. அக்காவக் காட்டிக் குடுத்துட்டு நான் என்னத்துக்கு இருக்கணும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அடுத்த முறை கஞ்சிகூட இறங்காது. அப்ப அக்கா உங்களுக்கு லயத்துல சாவுப் பந்தல்தான் போடணும்," என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் வரிசைக்கே திரும்பிப் போனார். நான் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

"கருப்பம்மா," என்று வீரய்யா கூப்பிட்டார்.

பவளராணி குனிந்து சாக்கைத் தூக்கினார்.

"இங்க இருக்கேன்யா."

குரல் பின்னாலிருந்து வந்தது. கருப்பம்மா ஆட்டோவை விட்டு இறங்கி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வரிசைக்கு முன்னால் வந்துகொண்டிருந்தார். பெண்கள் விலகி வழி விட்டார்கள். வீரய்யாவின் கையில் இருந்த பேனா அப்படியே நின்றது. எல்லாம் தெரிந்தவர் அவர், தலையைக் குனிந்துகொண்டார்.

துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இது யார்?"

"எந் தங்கச்சிங்க, தொரை. பேரு பவளராணி. ஆறு வருஷமா எம் பேர்ல மலையேறுறா. எம் பேர வெட்டணும்னா வெட்டிக்கங்க. இந்தத் தாளுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பவளராணி சாக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வேண்டாம் என்று கத்தப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல்தான் வந்தது. துரை அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கடிதத்தை நீட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார், ஜீப்பின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"திங்கக்கிழமை காலையில ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க," என்றார்.

"அவ வரமாட்டா தொரை, ஆஸ்பத்திரியில இருப்பா," என்றார் கருப்பம்மா. "நான் வர்றேன்."